டிரில் டீச்சரின் பத்தாவது ஆள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் அஞ்சாங்கிளாஸோடு நின்றவள். ரேஷன் கடையில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு எதுவும் எழுதி எத்தனையோ வருஷம் ஆகிறது. வரி கோணலாகப் போகும். சொன்னதையே மறுபடியும் சொல்லுவேன். பெயர்கள் பாதி மறந்துவிட்டன, அதனால் யாருக்குமே பெயர் போடாமல் எழுதுகிறேன். படிக்கிற உங்களுக்கு யார் யார் என்று தெரியும்.

டிரில் டீச்சருக்கு எண்பது வயசு நிறைவதற்கு விழா எடுக்கிறீர்கள், மலர்ப் புத்தகம் போடுகிறீர்கள் என்று என் பெரியப்பா மகள், அந்த ஒசந்த அக்கா, எளாவூரிலிருந்து போன் செய்து சொன்னாள். "நீயும் எழுதுடி" என்றாள். "நான் உங்க பள்ளிக்கூடத்துல படிக்கலியே அக்கா" என்றேன். "அதனால இன்னா? ஆடினியா இல்லியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். என்னென்னவோ ஞாபகத்துக்கு வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. எதை முதலில் எழுதுவது என்று தெரியவில்லை. சரி, டீச்சர் வந்ததிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும். பள்ளியை விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. அம்மா வாரத்தில் பாதி நாள் மீன் கூடையோடு ரயிலேறி மீஞ்சூருக்குப் போய்விடுவாள். வீட்டில் தம்பி கைக்குழந்தை. ஆகவே படிப்பு நின்றது. எங்கள் குப்பத்தில் அப்போது பெண் பிள்ளைகளுக்கு அது பெரிய சங்கதி இல்லை.

டீச்சர் பஸ்ஸை விட்டு இறங்கியதை நான் பார்த்தேன். வெள்ளைப் புடவை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் விசில், காலில் வெள்ளை கேன்வாஸ் ஷூ. புடவைக்கு ஷூ போட்ட பொம்பளையை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. கடைத்தெருவில் இருந்தவர்கள் எல்லாம் முகத்தைப் பார்க்காமல் காலைத்தான் பார்த்தார்கள். அனுப்பம்பட்டுப் பக்கம் நெல் வயல் வைத்திருக்கிற குடும்பம் என்று பிறகு தெரிந்தது. எங்கள் உப்புத்தண்ணி ஏரியை அவர் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தாராம். "இவ்ளோ தண்ணி கீது, ஒரு நாத்து நட முடியாதா?" என்று டீக்கடை பாயிடம் கேட்டார் என்று பாய் சாகும் வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் ஏரிக்கரை. அங்கேதான் கூடைப்பந்து ஆடுகிற இடம் என்று டீச்சர் முடிவு செய்தார். எங்கள் ஊர் முழுக்க மணல். பந்தைத் தட்டினால் எழும்பாது, 'பொத்' என்று உட்கார்ந்துகொள்ளும். டீச்சர் இரண்டு நாள் அந்த மணலைப் பார்த்தபடி நின்றார். மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்துப் பெண்களை எல்லாம் கூப்பிட்டு ஏரிக் களிமண்ணைக் கூடை கூடையாகச் சுமக்க வைத்தார். சுண்ணாம்புக் காளவாய் ஓரத்தில் கிடந்த உடைந்த கிளிஞ்சலை வாரி வந்து கொட்டினார்கள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசையாகக் கைகோத்து மிதித்தார்கள். டீச்சரும் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு மிதித்தார். நாற்று நடுகிற பாட்டு ஒன்று அவர் பாட, எங்கள் குப்பத்துப் பெண்கள் வலை இழுக்கிற குரலில் பதிலுக்குக் கத்தினார்கள். அந்த ஈரக் களிமண் வாசனை, வேகாத மீன் மாதிரியும் மழை மாதிரியும் சேர்ந்து அடிக்குமே, அது இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. களத்து மண் காய்ந்து வெடித்தது, மறுபடி பூசினார்கள். கடைசியில் பந்து முழங்கால் உயரத்துக்கு எழும்பியது. அவ்வளவுதான் எழும்பும். அதற்கே டீச்சர் கைதட்டினார்.

கம்பத்துக்குச் சவுக்கு மரம் வந்தது. வளையத்தைக் கொல்லர் அடித்துக் கொடுத்தார். வளையத்தில் தொங்குகிற வலைதான் இல்லை. டீச்சர் என் நைனாவிடம், அப்பாவிடம், வந்தார். டீச்சர் அப்போதே எங்கள் வீட்டில்தான் நண்டு வாங்குவார். வயல்கார வீட்டுப் பெண் என்றாலும் நண்டு என்றால் உயிர்.

"ஒரு சின்ன வலை பின்னித் தரணுமே. இந்த வளையத்துக்கு."

"அதுக்கின்னா டீச்சரம்மா, நாளைக்கே தரேன்" என்றார் நைனா.

மறுநாள் கொண்டுபோய் அவரே ஏணி போட்டு ஏறிக் கட்டினார். நல்ல உறுதியான நூல், ஒரே அளவுக் கண்ணி, பார்க்கச் சோக்காக இருந்தது. ஒசந்த அக்கா முதல் பந்தைப் போட்டாள். பந்து வளையத்துக்குள் போனது. உள்ளேயே நின்றுவிட்டது.

எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறோம். பந்து இறங்கவில்லை. நைனா வலைக்கு மடி வைத்துத் தைத்திருந்தார். மடி என்றால் மீன் வந்து தங்குமே, வலையின் அடியில் பை மாதிரி, அது.

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அடியில தெறந்து இருக்கணும்" என்றார்.

நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தெறந்து இருந்தா அது வலையாம்மா? புடிச்சத வுடுறதுக்கு எவன்னா வலை பின்னுவானா?"

"இங்க புடிக்கிறது இல்ல, போடுறதுதான் கணக்கு."

"போட்டுட்டு?"

"திரும்ப எடுத்து திரும்பப் போடுறது."

நைனா மறுபடி ஏணியில் ஏறினார். "வேலை இல்லாதவங்க ஆட்டம்" என்று சொல்லிக்கொண்டே கத்தியை எடுத்து மடியை அறுத்தார். பந்து அவர் தலையிலேயே விழுந்தது. அன்றைக்கு எங்கள் குப்பத்தில் பேசிச் சிரிக்க வேறு விஷயம் தேவைப்படவில்லை.

இப்போது நான் உள்ளே வந்த கதை. ஒருநாள் சாயங்காலம் நண்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, டீச்சரைத் தேடிக் களத்துக்கே போனேன். யாரோ விட்ட பந்து நேராக என்னைப் பார்த்து வந்தது. கூடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பந்தைத் தட்டி நிறுத்தி, எடுத்து வீசினேன். கரையிலிருந்து படகுக்குக் கயிற்றுச் சுருளை எறிகிற மாதிரி, இடுப்பிலிருந்து. அது டீச்சர் கைக்கே போய்ச் சேர்ந்தது. கூடையில் ஒரு நண்டு கூட வெளியே வரவில்லை.

டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்த கிளாஸ்?"

அப்போதெல்லாம் யாராவது பெரியவர்கள் ஏதாவது கேட்டால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். இப்போதும் அப்படித்தான்.

அக்காதான் சொன்னாள்: "அவ படிக்கல டீச்சர். எங்க சித்தப்பா பொண்ணு."

"படிக்கலன்னா நின்னுக்கிட்டு இருப்பாளா? எங்கிட்ட ஒம்பது பேருதான் இருக்கீங்க. அஞ்சுக்கு அஞ்சு ஆட ஒரு ஆளு கொறையுது. ஏ பொண்ணே, கூடைய எறக்கு."

இறக்கினேன். அவ்வளவுதான் என் அட்மிஷன். டீம் ஐந்து பேர், நீங்கள். மீதி நாலு பேர் ஆறாவது, ஏழாவது படிக்கிற பொடிசுகள். அவர்களோடு நான். எங்களுக்குப் பெயர் 'எதிர் டீம்'. எங்களை ஜெயித்து ஜெயித்து நீங்கள் பழக வேண்டும், அதற்காகத்தான் நாங்கள்.

நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. தம்பி தூங்கின பிறகு அவனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, இறால் உரித்த கையை மணலில் தேய்த்துக்கொண்டு களத்துக்கு ஓடுவேனே, அந்த ஓட்டம் என் வாழ்க்கையில் வேறு எதற்கும் நான் ஓடவில்லை. அம்மா மட்டும், "பந்தாடி பந்தாடி எலும்பும் தோலுமா ஆயிட்டா" என்று டீச்சரைத் திட்டுவாள். அந்த வருஷம் நான் சட்டென்று உயரமானேன், அதனால் ஒல்லியாகத் தெரிந்தேன். அம்மாவுக்கு அது புரியவில்லை. எனக்கே என் பேத்தி உயரமானபோதுதான் புரிந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. பள்ளிக்கூடத்தில் பந்து ஒன்றே ஒன்றுதான். தோல் பந்து, வார் போட்டுக் கட்டினது. காற்று இறங்கினால் சைக்கிள் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அது பையன்களுடைய பந்து. டீச்சர் கெஞ்சி, சாயங்காலம் மட்டும் பெண்களுக்கு என்று வாங்கியிருந்தார். பையன்கள் ஹெட்மாஸ்டரிடம் போய் முறையிட்டார்கள். பெண்கள் பந்தை ஏரியில் விட்டு ஊறப்போடுகிறார்கள் என்று. அது நிஜம்தான். கரையோரக் களம் இல்லையா, பந்து தண்ணீருக்குப் போய்விடும். ஒருமுறை வலைக்குள் மாட்டி, மடவை மீன்களோடு திரும்பி வந்தது.

ஹெட்மாஸ்டர் களத்துக்கே வந்து எல்லோரையும் வைத்துச் சொன்னார்: "பொன்னேரிப் போட்டிக்கு இவங்களும் போகட்டும். ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சுட்டு வரட்டும், சாயங்காலப் பந்து இவங்களுக்கு. தோத்தா, பந்து பையங்ககிட்ட. அதோட டீச்சர் பெண்களுக்குத் தோட்டவேலை சொல்லிக் குடுக்கட்டும்."

உங்களுக்குப் பந்து போனாலும் பள்ளிக்கூடம் இருந்தது. எனக்கு அந்தப் பந்து போனால் எல்லாம் போனது. எனக்கு அந்த வளாகத்துக்குள் நுழைய வேறு காரணம் கிடையாது. இதை யாரிடமும் நான் சொல்லவில்லை. நண்டு விற்கிற பெண் யாரிடம் போய்ச் சொல்லுவாள்?

பொன்னேரிக்குப் போவதற்கு முன்னால் ஒரு பழகு ஆட்டத்துக்கு ரயிலடி ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பெண்களை டீச்சர் வரவழைத்தார். நம் களம், நம் மண், நம் காற்று. இருந்தும் நீங்கள் தோற்றீர்கள். சும்மா தோற்கவில்லை, மானம் போகிற மாதிரித் தோற்றீர்கள்.

ஏன் தோற்றீர்கள் என்று டீச்சருக்கு விளங்கவில்லை. ஒசந்த அக்கா வளையத்துக்கு நேர் கீழே நிற்கிறாள். சுற்றி ஒருத்தியும் இல்லை. கையைத் தூக்கினால் போதும். "போடு! போடுடி!" என்று டீச்சர் தொண்டை கிழியக் கத்துகிறார். அக்கா பந்தைக் களத்தின் அந்தக் கோடியில் இரண்டு பேருக்கு நடுவே மாட்டிக்கொண்டு நிற்கிற டீக்கடை பாய் மகளுக்கு எறிகிறாள். பந்தைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். திரும்பத் திரும்ப இதே கூத்து.

ஆட்டம் முடிந்ததும் டீச்சர் முகம் சிவந்துபோய் நின்றார். "இன்னாடி ஆச்சு உனக்கு? பயமா?"

அக்கா தரையைப் பார்த்தாள்.

"வாயத் தெற. ஏன் போடல?"

டீச்சர், "பயந்தாங்கொள்ளிக்கு என் டீம்ல எடமில்ல. ஒரு வாரம் ஒக்காரு" என்று சொல்லிவிட்டார். பையன்கள் கேப்டன், ஐஸ் கம்பெனிக்காரர் மகன், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "பந்த இப்பவே குடுத்துடுங்க டீச்சர், எதுக்கு வீணா தேயணும்?" என்றான். டீச்சர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு நண்டும் வாங்கவில்லை.

அக்கா பயந்தாங்கொள்ளி இல்லை என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஆடி மாசக் காற்றில் தனியாகப் படகு தள்ளிக்கொண்டு போனவள் அவள். அவள் போடாததற்குக் காரணம், அது அவள் பாடு இல்லை.

வெளியூரில் வாக்கப்பட்டுப் போனவர்களின் பிள்ளைகளும் மலரைப் படிக்கும் என்பதால் சொல்கிறேன். எங்கள் ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறால் விழாது. நல்ல இடத்தை ஒருவனே பிடித்துக்கொள்ளக் கூடாது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்திருப்பார்கள். இன்றைக்கு இவன் பாடு, நாளைக்கு அவன் பாடு. அடுத்தவன் பாட்டில் வலை இறக்குகிறவனை மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். அந்தப் பாடும் கல்யாணம் ஆன ஆம்பளைக்குத்தான். பெண்ணுக்குப் பாடு என்று ஒன்று எந்தக் காலத்திலும் கிடையாது.

பெண்கள் அதை வளையத்தில் வைத்துக்கொண்டார்கள். ஆட்டத்துக்கு முன்னால் ஐந்து கிளிஞ்சலில் ஐந்து அடையாளம் கீறி, அக்கா மடியில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். வந்த வரிசையில்தான் வளையத்துக்குப் போடலாம். முதல் பந்து யார் பாடோ அவள் போடும் வரைக்கும் மற்றவர்கள் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். பிறகு அடுத்தவள் பாடு. டீக்கடை பாய் மகளுக்கு ஏரியும் கிடையாது, வலையும் கிடையாது. ஆரம்பத்தில், "இன்னாடி பாடு, பக்கோடாவா?" என்று கேலி பண்ணினாள். அவள் பாடு என்று ஒன்று வந்த பிறகு அவளைப் போலப் பிடிவாதமாகக் கேட்டவள் வேறு யாரும் இல்லை. எதிர் டீமில் நாங்களும் அப்படியே குலுக்கினோம். என் கிளிஞ்சலில் நான் கீறினது ஒரு நண்டுக் கொடுக்கு. என் பாடு வந்தபோது எல்லோரும் ஓடி ஓடி எனக்குப் பந்தைக் கொண்டுவந்து தந்தார்கள். இறாலோ சோறோ, அதுவரைக்கும் எனக்கென்று யாரும் அப்படி ஓடிவந்து எதையும் தந்ததில்லை.

டீச்சருக்கு இது எப்படித் தெரிந்தது? நைனாதான் போட்டு உடைத்தார். இரண்டு நாள் கழித்து டீச்சர் நண்டு வாங்க வந்து, வாசலில் நின்றுகொண்டு, தோற்றதைச் சொல்லிப் புலம்பினார். "கைக்கு எட்டுற தூரத்துல வளையம், போட மாட்டேன்றா. எனக்குப் பைத்தியமே புடிச்சிடும்."

நைனா வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே, "அது அவ பாடா இருந்திருக்காது" என்றார்.

"பாடா?"

நைனா சொன்னார். எனக்கு உள்ளே போய்ப் பானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. கேட்கக் கேட்க டீச்சரின் முகம் மாறியது. முதலில் கோபம், பிறகு யோசனை. என் பக்கம் திரும்பி, "நீயும் குலுக்குனியா?" என்றார். தலையை ஆட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததால் வந்த தண்ணீரா, அக்காவை உட்காரவைத்த வருத்தமா, தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு அது சிரிப்பாகத்தான் பட்டது. இன்றைக்கு இரண்டும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பிறகு டீச்சர் ஒரு கேள்வி கேட்டார்: "கடல்லயும் இந்த மாதிரி பாடு வெச்சுக்கிறீங்களா?"

நைனாவுக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. "கடல்ல ஏதும்மா பாடு? கடல்ல மீனு ஓடிக்கினே இருக்கும். எவன் கண்ணுல பட்டுச்சோ அவன் வலை. யோசிச்சிக்கினு நின்னா மீனு நெல்லூருக்குப் போயிடும்."

டீச்சர் நண்டை மறந்துவிட்டுக் கிளம்பிப் போனார். நான் பின்னாலேயே கூடையோடு ஓடினேன்.

மறுநாள் களத்தில் எல்லோரையும் உட்காரவைத்தார். அக்காவைப் பக்கத்தில் கூப்பிட்டு, "நேத்து வரைக்கும் உன்னத் தப்பா நெனச்சேன்" என்றார். ஒரு டீச்சர் ஒரு பெண்ணிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டது அது ஒருமுறைதான். பிறகு வளையத்தைக் காட்டினார்.

"இது ஏரி இல்லடி. இது கடலு."

ஏழாவது படிக்கிற பொடிசு ஒன்றுதான் மெதுவாகக் கேட்டது: "அப்ப எல்லாப் பந்தும் ஒசந்த அக்காவே போடுவா. எங்களுக்கு எப்ப டீச்சர் வரும்?"

டீச்சர் அதை எதிர்பார்க்கவில்லை. விசில் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். கடைசியில் சொன்னார்: "சரி. ப்ராக்டீஸ் ஏரி. பாடு வெச்சுத்தான் ஆடணும், அதுல எவளும் ஏமாத்தக் கூடாது, நானே கிளிஞ்சல் குலுக்குறேன். மேட்ச்சு மட்டும் கடலு. கண்ணுல பட்டா போட்டுடணும். ஒத்துக்கிறீங்களா?"

அக்கா எழுந்து பொடிசைப் பார்த்து, "ஒத்துக்கிறியாடி?" என்று கேட்டாள். பொடிசு கொஞ்சம் யோசித்துவிட்டு, "ம்" என்றது. அப்போதுதான் எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

எத்தனையோ பேர் டீச்சரைப் பற்றி எழுதுவீர்கள். கண்டிப்பானவர், ஒழுக்கம் சொல்லிக்கொடுத்தார், நம்மில் நாலு பேர் அவரைப் பார்த்தே டிரில் டீச்சர் ஆனார்கள், இப்படி எல்லாம். எனக்கு அவர் பெரிய ஆளாகத் தெரிவது அந்தச் சாயங்காலத்தால்தான். நம்மிடம் இருந்ததை அவர் தூக்கிப் போடச் சொல்லவில்லை. எதை எங்கே வைப்பது என்று மட்டும் சொன்னார்.

இனி பொன்னேரி. எழுதும்போதே கை வேகமாகப் போகிறது.

நான் ஆட முடியாது, பள்ளிக்கூடத்துப் பெண் இல்லையே. "தண்ணிக் கொடம் தூக்க ஆளு வேணும்" என்று சொல்லி டீச்சர் என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அம்மாவிடம் கேட்டு, தம்பியை அன்றைக்குப் பார்த்துக்கொள்ள நைனாவை வீட்டில் இருக்கச் செய்ததும் டீச்சர்தான். குடத்தை மடியில் வைத்துக்கொண்டு பொன்னேரி வரைக்கும் போனேன். ஒவ்வொரு குலுக்கலுக்கும் தண்ணீர் தளும்பி என் பாவாடை முழுக்க நனைந்தது.

அங்கே களம் சிமென்ட். நாங்கள் யாரும் அதற்கு முன்பு சிமென்ட் களத்தைப் பார்த்ததில்லை. அக்கா பந்தை ஒரு தட்டுத் தட்டினாள், அது அவள் மூக்குக்கு நேராக எழும்பி வந்தது. களிமண்ணில் முழங்கால் வரைக்கும் எழுந்த பந்துக்கு இங்கே பேய் பிடித்துவிட்டது. எல்லோரும் கூச்சல் போட்டுச் சிரித்தோம். சிரித்தது கொஞ்ச நேரம்தான். எதிரே வந்து நின்றவர்கள் அதே ரயிலடி ஊர்ப் பெண்கள். ஷூ போட்டிருந்தார்கள். நம் ஐந்து பேரும் வெறுங்கால். வெயில் ஏறியிருந்தது.

ஆட்டம் ஆரம்பித்ததும் பந்து நம் கையில் நிற்கவே இல்லை. தட்டினால் தோளுக்கு மேலே பறக்கிறது. கால் சுடுகிறது, ஒரு இடத்தில் நிற்க முடியாமல் நெருப்பில் விழுந்த மாதிரிக் குதிக்கிறீர்கள். டீச்சர் என்னிடம், "குடிக்க இல்ல, காலுக்கு ஊத்து" என்றார். யாராவது கோட்டோரம் வரும்போதெல்லாம் ஒரு சொம்பு தண்ணீரைக் காலில் ஊற்றினேன். ரெஃபரி முறைத்தார். களம் வழுக்கும் என்றார். கோட்டுக்கு வெளியேதானே என்றார் டீச்சர்.

பாதி ஆட்டத்தில் நாம் பின்னால் இருந்தோம். டீச்சர் ஐந்து பேரையும் குந்த வைத்து, "தட்டாதீங்க. பந்து தரையத் தொடவே வேணாம். கைக்குக் கை குடுங்க. படகுல கயிறு எறியற மாதிரி" என்றார். சொல்லும்போது என்னைப் பார்த்தார். குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் ஆட்டம் திரும்பியது. பந்து தரையில் படாமல் கைக்குக் கை பறந்தது. அக்கா போட்டாள். மறுபடி போட்டாள். அவர்கள் சுதாரித்துக்கொண்டு அவளுக்கு இரண்டு பேரைக் காவல் வைத்தார்கள். வித்தியாசம் குறைந்து குறைந்து வந்து, கடைசியில் ஒரு புள்ளிதான். ஒரு பந்து விழுந்தால் இரண்டு புள்ளி. ரெஃபரி கடிகாரத்தைப் பார்க்கிறார். எனக்குக் குடம் கையில் இருப்பதே மறந்துபோய்விட்டது.

அக்கா இரண்டு பேருக்கு நடுவிலிருந்து பந்தைத் தலைக்கு மேலே எறிந்தாள். அது போய்ச் சேர்ந்தது பாய் மகளிடம். அவள் வளையத்துக்குக் கீழே தனியாக நிற்கிறாள். தனியாக! அந்தப் பெண் பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்க்கிறாள். எனக்குத் தெரியும் அவள் என்ன தேடுகிறாள் என்று. யார் பாடு என்று தேடுகிறாள். அத்தனை நாள் பழக்கம் ஒரு வாரத்தில் போய்விடுமா? டீச்சர் கத்துகிறார், கூட்டத்துச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. காவலில் இருந்த ஒருத்தி அவளை நோக்கி ஓடிவர ஆரம்பித்துவிட்டாள்.

அதுவரைக்கும் என் வாழ்நாளில் நான் கத்தினதில்லை. மீன் விற்கப் போனால்கூட வாசலில் நின்று இருமுவேன், குரல் கொடுக்க மாட்டேன். அன்றைக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"கடலூஊஊ!"

கரையிலிருந்து படகைக் கூப்பிடுகிற குரல். மொத்தக் களமும் திரும்பிப் பார்த்தது. ரெஃபரி திரும்பிப் பார்த்தார். ரயிலடி ஊர்ப் பெண்கள் ஐந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பாய் மகள் மட்டும் திரும்பவில்லை. கையைத் தூக்கிப் போட்டாள். பந்து வளையத்தின் ஓரத்தில் பட்டு ஒரு சுற்றுச் சுற்றி, விழலாமா வேண்டாமா என்று யோசித்து, உள்ளே இறங்கியது.

விசில் அடித்தது. அதற்குப் பிறகு நடந்தது எனக்கு வரிசையாக ஞாபகம் இல்லை. அக்கா என்னைத் தூக்கினாள், குடம் விழுந்து நசுங்கியது. டீச்சர் தன் ஷூவோடு அந்த ஈரத்தில் வழுக்கி உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்காமலே சிரித்தார். ரயிலடி ஊர்க் கேப்டன் என்னிடம் வந்து, "கடலுன்னா இன்னா? அது இன்னா சிக்னலு?" என்று கேட்டாள். என் வாய் மறுபடி ஒட்டிக்கொண்டுவிட்டது. பாய் மகள்தான், "சொன்னா உங்களுக்குப் புரியாது, நீங்க கரைக்காரங்க" என்றாள். யார் சொல்வது பாருங்கள்!

அடுத்த ஆட்டத்தில் தோற்றோம். அதைப் பற்றி யாருக்குக் கவலை? ஒரு ஆட்டம் போதும் என்றுதானே ஹெட்மாஸ்டர் சொன்னார். அவர் மறுநாள் காலை ப்ரேயரில் பந்தைத் தன் கையால் அக்காவிடம் கொடுத்தாராம். நான் அங்கே இல்லை, இறால் உரித்துக்கொண்டிருந்தேன். ஆனால் கைதட்டல் எங்கள் குப்பம் வரைக்கும் கேட்டது. ஐஸ் கம்பெனிக்காரர் மகன் அன்று மத்தியானம் வீட்டு வாசல் வழியாகப் போகும்போது, "ஏ கடலு!" என்று என்னைக் கூப்பிட்டான். ரொம்ப நாளைக்கு எனக்கு அதுதான் பெயர்.

என்னை ஆறாவதில் சேர்க்கச் சொல்லி டீச்சர் வீட்டுக்கு வந்து கேட்டார். நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மா, "நான் மார்க்கெட்டுக்குப் போனா இந்தப் புள்ளைய யாரு பாத்துப்பா, நீங்களா?" என்றாள். அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளும் என்ன செய்வாள். படிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் டீச்சர் மாற்றலாகிப் போகும் வரைக்கும் ஒரு சாயங்காலம் விடாமல் நான் களத்துக்குப் போனேன். பந்து நம்மிடம் இருந்தது, அதனால் போனேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதத்தான் நான் பேனாவையே எடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பந்து கைக்கு வந்த அன்றைக்குச் சாயங்காலம். நீங்கள் ஐந்து பேரும் தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்திருந்தீர்கள். கால் தரையில் பாவவில்லை. டீச்சர் வழக்கம்போல, "எதிர் டீம் எங்க?" என்றார். நாங்கள் எழுந்து நின்றோம், நாலு பொடிசும் நானும். டீச்சர் பந்தை முதலில் என்னிடம் போட்டார்.

அன்றைக்கு நாங்கள் ஜெயித்தோம்.

பொன்னேரியில் ஜெயித்த டீமை, நாலு பொடிசும் ஒரு நண்டுக்காரியும் சேர்ந்து, நம் களிமண் களத்தில் வைத்து ஜெயித்தோம். கடைசிப் பந்தைப் போட்டது நான். என் ஞாபகத்தில் இரண்டு பந்து வித்தியாசம். ஒரு பந்தாகவும் இருக்கலாம், அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நீங்கள் யாரும் உங்கள் கட்டுரையில் இதை எழுத மாட்டீர்கள் என்று தெரியும்.

அக்காவிடம் போனில் கேட்டேன். "போடி, நாங்கதான் ஜெயிச்சோம்" என்கிறாள். அவளை நம்பாதீர்கள். பொடிசுகளில் இரண்டு பேர் மீஞ்சூரில் இருப்பதாகச் சொன்னார்கள், யாராவது விசாரித்துச் சரிபாருங்கள். முடியாவிட்டால் விழாவன்று டீச்சரிடமே கேட்டுவிடுங்கள். விசில் அவர் கையில்தான் இருந்தது. தனியாகக் கேட்க வேண்டாம், மைக்கில் கேளுங்கள். நான் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன், எனக்குக் காது கொஞ்சம் மந்தம்.